மொட்டைமாடியில் ஒரு குகை

பால்மாத் தகரப் பேணிக்குள் சின்ன மரத்துண்டுகள் உருண்டு எழுப்பும் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. பின்னேரம் நாலு மணியளவில், கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று மொட்டைமாடிக் கொடிகளில் கிடந்த படுக்கை விரிப்புகளை அடித்துப் புரட்டிக்கொண்டிருக்க, கீழே ஏதோ ஒரு குசினியில் வெங்காயம் தாளிக்கும் மணம் ஏறிவர, ஒருபக்கம் காலி நகருக்குப் போகும் வீதியின் பஸ்களும் மறுபக்கம் கடற்கரை ரயிலும் இரைய, நான் அந்தப் பேணியைக் குலுக்கி ஒரு துண்டை எடுத்து அதிலுள்ள இலக்கத்தை உரத்து வாசிப்பேன். இலக்கம் பெரிதாக இருந்தால் யாரோ ஒருவர் குகை எலியிடமிருந்து உயிர் தப்புவார், சிறிதாக இருந்தால் தப்பமாட்டார். என்னுடைய பதின்மூன்று, பதினான்கு வயதுகள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தோடுதான் கழிந்தன.

அது போர்க்காலம். காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் இருந்தோம். எங்களுக்கு மேலே மூன்றாம் மாடி முழுவதும் 'லொட்ஜ்'. வடக்கிலிருந்து வந்து, வெளிநாடு போவதற்காகக் காத்திருக்கும் சனம் அங்கே அறைக்கொரு குடும்பமாக இருந்தது. அப்பாவுக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கந்தோரில் வேலை, அம்மா ஆசிரியை, நான் ஒரே பிள்ளை. நகரத்தில் குண்டு வெடித்த ஒரு கிழமையில் அம்மா எனக்கு எல்லை போட்டுவிட்டார். பள்ளிக்கூட வான், வீடு, மொட்டைமாடி, அவ்வளவுதான். வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளுக்கும் இதேபோல ஆளுக்கொரு வானும் ஆளுக்கோர் எல்லையும் இருந்தபடியால், கடைசி மணி அடித்த பிறகு எங்களில் ஒருவருக்கும் துணைக்கு ஒருவர் இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதை நான் மாடியிலிருந்து பார்த்துத்தான் வளர்ந்தேன்.

அந்தக் காலத்தில்தான் லண்டனில் இருந்த மாமா, ஊருக்கு வந்த யாரிடமோ ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். அட்டையில் வாளேந்திய ஒருவனும் நெருப்புக் கக்கும் ஒரு பிராணியும் இருந்தன. பழைய சாமான்கள் விற்கும் இடத்தில், பாம்பும் ஏணியும்போல ஏதோ பலகை விளையாட்டு என்று நினைத்து மாமா அதை வாங்கியிருக்க வேண்டும். திறந்து பார்த்தால் பலகையே இல்லை. உள்ளே இருந்தது ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் சில தாயக்கட்டைகளும் மட்டுந்தான். "போர்ட் இல்லாத விளையாட்டும் ஒரு விளையாட்டோ?" என்று கேட்டுவிட்டு அப்பா பேப்பருக்குத் திரும்பிவிட்டார்.

நான் அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தைப் பாடப்புத்தகத்தைவிடக் கவனமாகப் படித்தேன். விளங்கியது இதுதான்: ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ பூசாரியாகவோ கள்ளனாகவோ தங்களைக் கற்பனை செய்துகொண்டு, 'நான் கதவைத் தள்ளுகிறேன்', 'நான் விளக்கைக் கொளுத்துகிறேன்' என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர்கள் செய்வது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். அதற்கு இருபது முகங்கள் உள்ள கட்டை ஒன்று வேண்டும், எங்கள் பெட்டியில் அது மட்டும் தொலைந்திருந்தது. அம்மாவோடு படிப்பித்த பிலோமினா டீச்சர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர். கோயில் திருவிழாவில் 'டம்போலா' என்ற இலக்கக் குலுக்கல் நடத்திய பழைய மர இலக்கங்களை அவர்தான் கொண்டுவந்து தந்தார். ஒன்றிலிருந்து இருபது வரை பொறுக்கி எடுத்துப் பேணியில் போட்டேன்.

புதிதாகத் தொடங்கும் வீரர்கள் முதலாம் லெவல். படத்தில் எவ்வளவு பெரிய வாளோடு நின்றாலும், அவர்களுக்கு உயிர்ப்புள்ளி நாலோ ஐந்தோதான். ஓர் எலி இரண்டு தரம் கடித்தால் முடிந்தது. ஆகவே நடத்துகிறவருக்கு மிகவும் சிரமமானது இந்த ஆரம்பக் கட்டந்தான். பறவைநாகங்களையும் மந்திரவாதிகளையும் கொண்டுவர முடியாது. நிலவறை எலி, பாழ்கிணற்றுச் சத்தம், ஆட்டைக் களவெடுக்கும் குட்டிச்சாத்தான்கள் என்று சின்னச் சின்ன ஆபத்துகளை அளந்து அளந்து வைக்க வேண்டும். மூன்றாம் லெவலுக்கு வந்துவிட்டால் குகைகளை விட்டு வெளியே போகலாம், காடு தாண்டலாம், கடல் தாண்டலாம் என்று புத்தகம் சொன்னது. அந்தப் பக்கங்களை நான் தனியே வாசித்து வாசித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். யாராவது ஒருவரை என்னோடு அதுவரை கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே ஆசை.

முதலில் வந்து சேர்ந்தவர்கள் லொட்ஜில் இருந்த நிரோஜனும் அவன் தம்பி தர்சனும். நடத்துகிறவருக்குப் புத்தகம் சொன்ன பெரிய பெயர் அவர்களுக்கு வாயில் வரவில்லை. "அக்காதான் அம்பயர்" என்று கிரிக்கெட்டில் வைத்து முடித்துவிட்டார்கள். வீரர்கள் முதன்முதல் ஒரு சாராயக் கடையில் சந்திப்பதாகப் புத்தகத்தில் இருந்தது. "தவறணையில சந்திச்சா அம்மா அடிப்பா" என்றான் தர்சன். அவனுடைய வீரனையும் அவன் அம்மா அடிப்பார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. கடைசியில் அதைச் சோறு போடும் ஒரு மடமாக மாற்றினோம்.

அவர்கள் விளையாடிய விதம் புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. ஊருக்குள் நுழைந்ததும் வாள் எங்கே வாங்கலாம் என்று கேட்கமாட்டார்கள். "அக்கா, இந்த ஊரில பங்கர் எங்க இருக்கு?" என்பார்கள். புத்தகத்து ஊரில் பங்கர் கிடையாது, நான் கிணற்றடியில் ஒன்று வெட்டிக் கொடுத்தேன். எந்தக் குகைக்குள் போனாலும் முதற் கேள்வி, பின்பக்கத்தால் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான். குட்டிச்சாத்தான்கள் வருகிற சத்தம் கேட்கிறது என்று நான் சொன்னால், வாளை உருவாமல் எல்லோரும் குப்புறப் படுத்துவிடுவார்கள். எதிரி வரும்போது படுத்துக்கொள்ளும் வீரர்களுக்கு என்ன செய்வது என்று புத்தகத்தில் ஒரு விதியும் இல்லை. எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், நாலு உயிர்ப்புள்ளி உள்ள ஒருவன் செய்யக்கூடிய மிகப் புத்தியான காரியம் அதுதான் என்று பட்டது.

புத்தகத்தின் முதற் சாகசத்தில் ஒரு நகர வாயில் வரும். அங்கே ஈட்டியோடு நிற்கும் காவலன், 'யார் நீ, எதற்காக வந்தாய்?' என்று கேட்பான். 'நான் இன்ன மாவீரனின் மகன், அரக்கனை வெல்ல வந்தேன்' என்று மார்தட்டச் சொல்லித்தான் அந்த இடம் வைக்கப்பட்டிருந்தது. நிரோஜன் முழுப்பெயர் சொன்னான், நிரந்தர முகவரி சொன்னான், தற்காலிக முகவரி சொன்னான், வந்த காரணம் சொன்னான். சோதனைச் சாவடியில் நிற்பதுபோல, கை தன்பாட்டில் கடதாசியைத் தேடிச் சட்டைப் பைக்குப் போய்விட்டது. கூட வந்தவர் யார் என்று காவலனாக நான் கேட்டபோது, பக்கத்தில் தம்பி குந்தியிருக்க, "ஒருத்தரும் இல்லை. தனியத்தான் வந்தனான்" என்றான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு கேட்டேன்.

"இன்னொராளிட பேரைச் சொன்னா அதுக்குப் பிறகு நூறு கேள்வி வரும், அக்கா. கேட்டதுக்கு மட்டும் சொல்லோணும். பேர் சொல்லக்கூடாது" என்றான் அவன்.

அதற்காக அவனுக்குப் புள்ளி கொடுத்தேன். எங்கள் விளையாட்டில் அது ஒரு விதியாகவே ஆகிவிட்டது.

அவர்கள் இரண்டாம் லெவலுக்கு வந்து, ஒரு குகையின் நடுவில், தர்சனின் வீரன் கையில் விளக்கோடு நிற்கும்போது மழை வந்து நாங்கள் எழும்பிவிட்டோம். அடுத்த நாள் நான் மாடிக்குப் போனபோது அவர்களுடைய கொடியில் வேறு யாரோ ஒருவருடைய சேலை காய்ந்துகொண்டிருந்தது. லொட்ஜில் அது வழக்கம். போகும் நாளை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று, ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் 'ஏஜென்சிக்காரர்' சொல்லியிருப்பார்கள். சொன்னால் கண்பட்டுப் பயணம் குழம்பிவிடும் என்ற பயம் வேறு. ஆகவே ஒருவரும் போயிட்டு வாறன் என்று சொன்னதில்லை. விடிய ஒரு வான் வரும், அறை காலியாகும், மத்தியானம் வேறு குடும்பம் பாயை விரிக்கும்.

"அதுகள் போற சனம். மனசை வைக்காதை" என்று அம்மா அடிக்கடி சொல்வார்.

மனதை வைக்காமல் அந்த விளையாட்டை விளையாட முடியாது. நான் செய்யக்கூடியதைச் செய்தேன். ஆள் போய்விட்டாலும் அவருடைய வீரனைச் சாகவிடவில்லை. அவன் மடத்தில் தங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொண்டேன். நாளைக்கு யார் இருப்பார் என்று தெரியாதபடியால், இரண்டு மூன்று நாள் நீளும் சாகசங்களை விட்டுவிட்டு, ஒரு பின்னேரத்தில் தொடங்கி விளக்கு வைப்பதற்குள் முடியக்கூடிய குட்டிச் சாகசங்களாகக் கட்டினேன். கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி, ஆலைக்குள் அழும் குரல், பூட்டுத் திறபடாத ஒரு பெட்டி. பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள். மடத்தில் பாய் போட இடமில்லாமல் போய்விட்டது. ஒருவரும் மூன்றாம் லெவலைக் காணவில்லை.

சுகந்தி அக்கா வந்தது அதற்குப் பிறகுதான். சாவகச்சேரிப் பக்கத்து ஆள், வயது இருபத்தைந்து இருக்கும். பனி விழும் ஒரு நாட்டில் இருந்த ஒருவருக்கு நிச்சயம் செய்து, விசாவுக்காக அப்பாவோடு லொட்ஜுக்கு வந்திருந்தார். மாப்பிள்ளையைப் படத்திலும், 'கொமியூனிகேஷன்' கடைத் தொலைபேசியிலும் மட்டுந்தான் தெரியும். ஒருநாள் உடுப்புக் காயப்போட வாளியோடு வந்தவர், நாங்கள் எலிக்கு முன்னால் தத்தளித்துக்கொண்டிருந்ததைக் கொடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

"ஒரு எலிக்கு ஏன் பிள்ளை இவ்வளவு பாடு? உலக்கையால ரெண்டு போட்டாச் சரி" என்றார்.

"அப்ப நீங்கள் வந்து போடுங்கோ" என்றேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கே மின்னி என்ற கள்ளி ஒருத்தி எங்கள் உலகத்தில் பிறந்தாள்.

சுகந்தி அக்கா நிலத்தைப் பார்த்துப் பேசுகிறவர். கடைக்குப் போனாலும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பார். மின்னி அப்படி இல்லை. காவலனின் தொப்பியைக் கேலிசெய்வாள், குட்டிச்சாத்தானிடம் விலை பேசுவாள், கதவு பூட்டியிருந்தால் கூரையால் இறங்குவாள். சின்னப் பிள்ளைகள் வழக்கம்போல ஒவ்வொருவராகக் காணாமல் போக, கடைசியில் நானும் சுகந்தி அக்காவும் மட்டும் மிஞ்சினோம். பள்ளிக்கூட வானிலிருந்து இறங்கியதும் படியில் இரண்டிரண்டாக ஏறினேன். எனக்காக ஒருவர் மாடியில் காத்திருக்கிறார் என்பது எனக்குப் புதிய சந்தோஷம். அம்மாவிடமும் சொல்லாத கதைகளை அவரிடம் சொன்னேன்.

"மூண்டாம் லெவலுக்குப் போகாமல் நான் பிளேன் ஏறமாட்டன்" என்று ஒருநாள் சொன்னார். சும்மா சொன்னதுதான். நான் அதை நம்பிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் தூதரகத்துக்கு நேர்முகத்துக்குப் போனவர் கண் வீங்கி வந்தார். விசா மறுத்துவிட்டார்கள், மறுபடி விண்ணப்பித்து இன்னொரு தரம் போக வேண்டும். என்ன நடந்தது என்று கேட்டேன். பயம் வந்தால் சுகந்தி அக்காவுக்கு வாய் மூடாது. கலியாணம் எப்படிப் பொருந்தியது என்று கேட்டதற்கு, பொருத்திய மாமியையும், மாமியின் மகனையும், அந்த மகனோடு படித்தவரையும், படித்தவரின் தங்கச்சியையும் இழுத்துவிட்டிருக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி வர, ஒரு மறுமொழியும் மற்றதோடு ஒட்டாமல் போய்விட்டது.

"மின்னி எண்டா வெண்டு வந்திருப்பாள். நான் போனபடியால்தான்..." என்றார்.

"அப்ப மின்னியையே அனுப்புவம்" என்றேன். யோசிக்காமல்தான் வந்தது.

அடுத்த நாள் முதல் எங்கள் குகைகளுக்கு விடுமுறை. நகர வாயில் மட்டும் திறந்திருந்தது. அப்பாவின் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் காவலனாக இருந்தேன், பிறகு மெல்ல மெல்ல அதிகாரியாக மாறினேன். மாப்பிள்ளையை எப்போது முதலில் பார்த்தீர்? அவருக்கு என்ன வேலை? அங்கே போய் என்ன செய்வீர்? கேட்டதற்கு மட்டும் மறுமொழி. கேளாத பெயர் ஒன்று வாயில் வந்தால் மின்னிக்கு ஓர் உயிர்ப்புள்ளி குறையும். முதல் நாள் பின்னேரத்தில் மின்னி மூன்று தரம் செத்துப்போனாள். சுகந்தி அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிழமைகள் போகப் போக மின்னி சாவது குறைந்தது. கலியாணத்தைப் பொருத்தியது யார் என்று எதிலாவது கொளுவிக் கேட்டாலும், நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, சின்னதாகச் சொல்லி, நிறுத்தப் பழகிவிட்டார்.

அவர் நன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குள் ஏதோ இறங்கிக்கொண்டே போனது. நான் நல்ல காவலனாக இருந்தால் அவர் அந்த வாயிலைத் தாண்டிவிடுவார், தாண்டினால் திரும்பமாட்டார். இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. ஒருநாள் மாடிக்கு என்னைக் கூப்பிட வந்தவர், கண்ணாடியோடு நான் கேள்வி கேட்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். படியிறங்கும்போது, "தெரிஞ்சுகொண்டே செய்யிறாய். பிறகு தனிய இருந்து அழாதை" என்றார். இரண்டு படி இறங்கி, "செய், செய்" என்றார்.

இரண்டாம் தரம் நேர்முகத்துக்குப் போய்வந்த அன்று சுகந்தி அக்கா வழக்கம்போல வாளியோடு மாடிக்கு வந்தார். "எப்பிடி அக்கா?" என்று கேட்டேன். "பாப்பம். சொல்லுவினமாம்" என்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை. நான்தானே அப்படிப் பழக்கியது. அன்றைக்கு மின்னி குட்டிச்சாத்தான்களின் தலைவனையே கட்டிப்போட்டாள். மூன்றாம் லெவலுக்கு இன்னும் ஒரேயொரு குகைதான் மிச்சம்.

அந்தக் குகையை நான் கணிதக் கொப்பியின் நடுத்தாளில் வரைந்தேன். அவ்வளவு கவனமாக ஒன்றையும் நான் அதற்கு முன் செய்ததில்லை. எலி இல்லை, பொறி இல்லை, மின்னி எந்த வழியால் போனாலும் தோற்க முடியாதபடி அமைத்திருந்தேன். கடைசிக் கதவு ஒரு கடற்கரையில் திறக்கும். சனிக்கிழமை விளையாடுவோம் என்றேன். "ஓம், சனிக்கிழமை" என்றார் சுகந்தி அக்கா.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து மேலே ஏறினால் அந்த அறை திறந்து கிடந்தது. மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு லொட்ஜில் துப்புரவு செய்யும் பெண் கூட்டிக்கொண்டிருந்தார். "விடியவே வான் வந்திட்டுது, பிள்ளை" என்று நான் கேளாமலே சொன்னார். லொட்ஜ் வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அந்த 'யாரிடமும்' என்பதில் நானும் சேர்த்தி என்று ஏனோ எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நான் குகைத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தேன். ஆள் இல்லாவிட்டாலும் தனியே விளையாடக்கூடிய விளையாட்டுகள் உண்டு. கிரிக்கெட் பந்தைக்கூடச் சுவரில் எறிந்து பிடிக்கலாம். இந்த விளையாட்டில் அம்பயருக்கு எல்லாக் கதவுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று தெரியும். திறக்க ஓர் ஆள் இல்லாவிட்டால் அவரால் ஒன்றுமே செய்ய முடியாது. உடுப்பெடுக்க வந்தவர்கள் எல்லோரும் போகும்வரை இருந்துவிட்டு இறங்கி வந்தேன். அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

அடுத்த மாதமே வேறு பிள்ளைகள் வந்தார்கள். மறுபடியும் முதலாம் லெவல், மறுபடியும் எலி, மறுபடியும் பங்கர் எங்கே என்ற கேள்வி. சோதனைக்குப் படிக்கத் தொடங்கும்வரை நடத்தினேன். அந்தக் கடற்கரைக் குகையை மட்டும் யாருக்கும் வைக்கவில்லை.

இப்போது அந்த லொட்ஜ் இல்லை. மூன்றாம் மாடி இடித்துக் கட்டப்பட்டு, மேலே இன்னும் பல மாடிகள் எழும்பி, லிப்ட்டும் வந்துவிட்டது. மொட்டைமாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கொடிகள் கட்டிய இடத்தில் தண்ணீர்த் தாங்கிகள் நிற்கின்றன. அம்மாவும் அப்பாவும் காலமான பிறகும் நான் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறேன். வெள்ளவத்தையில் இப்போது யாரும் போவதற்காகக் காத்திருப்பதில்லை. போனவர்கள்தான் ஆவணி மாதத்தில் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, பிள்ளைகளுக்குக் கடையைக் காட்டிவிட்டுத் திரும்புகிறார்கள்.

சுகந்தி அக்காவும் போன வருடம் ஒரு கலியாணத்துக்கு வந்திருந்தார். யாரிடமோ என் தொலைபேசி இலக்கம் வாங்கி, மண்டபத்துக்கு வரச் சொன்னார். தலை நரைத்திருந்தது, பேச்சு நிமிர்ந்திருந்தது. அவரைவிட உயரமான மகன் அந்த நாட்டுப் பாஷையில் ஏதோ கேட்டுவிட்டுப் போனான். பந்தி முடிந்த பிறகு ஒரு மூலையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைத்தோம். மின்னியை மறக்கவில்லை. தன் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தும்போது மின்னி கதை சொல்லித்தான் தீத்தினாராம்.

"அந்த இண்டர்வியூவில கடைசியா என்ன கேட்டவை தெரியுமோ?" என்றார். "இவ்வளவு மாசம் கொழும்பில இருக்கிறீர், உமக்கு இங்க சினேகிதர் ஆரும் இருக்கினமோ எண்டு. உம்மட பேர் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிப்போட்டு, ஒருத்தரும் இல்லை எண்டனான். நீர் பழக்கின மாதிரியே. அதோட சீல் குத்திப்போட்டினம்." சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சரியான மறுமொழி, அக்கா" என்றேன். நானும் சிரித்தேன்.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தேன். நான் சொன்னது பொய்யல்ல, அவர் வேறு என்ன சொல்லியிருந்தாலும் நானே புள்ளியைக் குறைத்திருப்பேன். மாதக்கணக்கில் அவரை உட்காரவைத்து எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் சப்பாத்து அளவுகூடக் கேட்டிருக்கிறேன். இங்கே உமக்குச் சினேகிதர் யாராவது இருக்கிறார்களா என்ற ஒன்றை மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால், நான் பழக்கிய மாதிரியே, என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது.